ஆறாவது சிரட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து வருஷமாக என் மனசு இழுபறியில் கிடந்தது. காகிதம் வாங்கி வைப்பேன். பிள்ளையார் சுழி போடுவேன். அதற்கு மேல் கை ஓடாது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். தப்பும் தவறுமாக எழுதிச் சிரிப்புக்கு ஆளாவேனோ என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய கூச்சம், விஷயமே சொறி சிரங்கு. உடம்பில் வந்த ஊறலைப் பற்றி ஒரு குடும்பஸ்தன் எழுதுவானா? அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சொறி எங்கள் வீட்டை விட்டுப் போகாமல் இருந்ததற்குக் காரணமே நான்தான். அதை என் கையாலேயே எழுதத்தான் இத்தனை வருஷம் துணிச்சல் வரவில்லை.

எனக்கு மதுரையில் கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில் பூஜைச் சாமான் கடை. கற்பூரம், சாம்பிராணி, திருநீறு, மஞ்சள், குங்குமம் விற்பேன். போன வாரம் ஒருவர் வந்து உப்பும் மிளகும் பொட்டலம் கேட்டார். தோலில் வந்த நோய் தீர வேண்டிக்கொள்கிறவர்கள் கோயிலில் கொண்டுபோய்ப் போடுவது அது. பொட்டலத்தை வாங்கும்போது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டே நீட்டினார். அந்த மறைப்பு எனக்குப் பழக்கமான மறைப்பு. அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். எழுந்து போகும்போது, "இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா எம்புட்டு நல்லாருந்திருக்கும்ணே" என்றார். அன்று சாயந்தரம் பிள்ளையார் சுழிக்குக் கீழே கை ஓடியது.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷங்களில் நடந்தது இது. ஒரு பங்குனி உத்திரத்துக்கு நான் பழனிக்கு நடந்து போனேன். வழியில் ஒரு மடத்தில் தங்கல். கூட்டம் நெருக்கியடித்தது. ஒரே ஜமுக்காளத்தில் பத்துப் பேர், யாருடைய போர்வை யார் மேல் கிடக்கிறது என்று தெரியாமல் முருகன் பேரைச் சொல்லிப் படுத்தோம். மலையேறித் தரிசனம் முடித்து வீடு வந்து ஒரு மாதத்துக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் விரலிடுக்கில் ஊறல் எடுத்தது. ஒரு மாதம் கழித்து வந்ததால் அந்த ஜமுக்காளத்தையும் இந்த ஊறலையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. சித்திரை மாதம், மதுரை வெயில். வீட்டில் யாரிடமும் காட்டாமல் "சூடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர்களுக்கு வந்தபோதும் அதையே சொன்னேன்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் வீடு எட்டு மாதம் ஏமாந்தது. சொறி என்ற சொல்லை வாயில் எடுக்கவே எங்களுக்குக் கூச்சம். சொறி என்றால் அழுக்கு வீடு என்று அர்த்தம். சூடு என்றால் யார் மேலும் குற்றம் இல்லை.

ஆனியில் வளைகாப்பு முடிந்து என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஆவணிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அப்போது வீட்டில் ஆறு பேர்: நான், என் வீட்டுக்காரி, அவளுடைய அக்கா (எனக்கு மதினி; புருஷன் இறந்தபின் எங்களோடு இருந்தவர்), மில் வேலைக்குப் போய்வந்த கல்யாணமாகாத என் தம்பி, மகள், பேத்தி. குழந்தைக்கு மூன்றாம் மாதம் ஆவதற்குள் 'சூடு' வீடு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். மோராகக் குடித்தோம். குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசினோம். இரண்டு நாள் அடங்கும், மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாக எழும். மதினி, "இது ஆத்தா விளையாட்டு. துணிமணியக்கூட வெளுக்கப் போடாதீக" என்று சொல்லி, அம்மை கண்ட வீடு போல வாசலில் வேப்பிலை சொருகினார். அழுக்குத் துணியில் சொறி இன்னும் சுகமாகக் குடியிருந்திருக்கும். அது எங்களுக்கு அப்போது தெரியாதே.

ஐப்பசியில் தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்து நாலு நாள் தங்கி, பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் கொஞ்சிவிட்டுப் போனார். அவர் போன பத்தாம் நாள் அவருடைய தாயார், எங்கள் சம்பந்தியம்மா, அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்து இறங்கினார். விவசாயக் குடும்பம், பேச்சு வெடுக்கென்று இருக்கும், மனசு பால்.

"ஏத்தா, எம் பேத்தியக் குடு" என்று கையை நீட்டினார். என் மகள் பிள்ளையைக் கொடுக்கும்போது அவள் விரல்கள் கண்ணில் பட்டன. நீட்டிய கை அப்படியே நின்றது.

"இது என்னத்தா கையி?"

"சூடு அத்தை."

"சூடா? எங்க வீட்லயுந்தான் அடுப்பு எரியுது. எனக்கு இப்பிடி வரலையே." குழந்தையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சின்னச் சின்னக் கொப்புளம். அவர் முகம் மாறிவிட்டது. "அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. இது பெருநோயா?"

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? என் மௌனத்தை அவர் வேறாக எடுத்துக்கொண்டார்.

"நான் பொல்லாதவ இல்லண்ணே. வீட்ல சின்னஞ்சிறுசுக நாலு திரியுது. தை பொறக்கட்டும். கை சுத்தமா இருந்தா நானே வண்டி கட்டி வந்து கூட்டிட்டுப் போறேன். இல்லேன்னா இவ இங்கனயே இருக்கட்டும். எம் மகனுக்கு நான் வேற வழி பாக்கணும்."

கொண்டுவந்த வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தொடாமலே போனார். வண்டி தெருமுனை திரும்பும்வரை என் மகள் அழவில்லை. பிறகு அழுததை எழுத எனக்குச் சக்தி இல்லை. அவளுக்கு அப்போது வயது பத்தொன்பது.

கார்த்திகை பிறந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அம்மன் சன்னதியில் நின்று விரதம் எடுத்தேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு வேளைச் சாப்பாடு, காவி வேட்டி, கழுத்தில் மாலை, உடம்பில் எண்ணெய் படக்கூடாது. வீட்டில் சொறி தீர்ந்தால் வெள்ளியில் கை உரு செய்து காணிக்கை போடுவதாகவும் வேண்டிக்கொண்டேன். மனப்பூர்வமாகத்தான் எடுத்தேன். அதில் எள்ளளவும் பொய் இல்லை.

தம்பிதான் பிடிவாதம் பிடித்தான். "சாமியக் கும்பிடுங்கண்ணே, யாரு வேணாங்கறா? தர்மாஸ்பத்திரிக்கும் ஒரு நடை போயிட்டு வந்துருவம்ல."

மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரியும் போனோம். அங்கே இருந்த கம்பவுண்டர் ஒல்லியான மனுஷன். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து நூல் கட்டியிருந்தார். என் மகள் விரலை வெளிச்சத்தில் திருப்பினார். விரலோரத்தில் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய சாம்பல் கோடு ஒன்று இருந்தது. எட்டு மாதமாக அப்படி ஒரு கோட்டை நாங்கள் யார் கையிலும் கவனித்ததே இல்லை. அந்தக் கோட்டின் முனையில் ஊசியால் லேசாக நெம்பி, எதையோ எடுத்து, ஒரு உடைந்த சிலேட்டுத் துண்டில் வைத்தார்.

"பாருங்க."

கசகசாவைவிடச் சின்ன வெள்ளைப் புள்ளி.

"நல்லாப் பாருங்க. நகருதா?"

நகர்ந்தது. என் மகள் முதலில் 'ஐயோ' என்று கத்தினாள். அடுத்த நொடி, ஆஸ்பத்திரிக் கூட்டத்தின் நடுவில், "அப்பா, பூச்சிப்பா! பெருநோய் இல்லப்பா, பூச்சி!" என்று சிரித்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

"ஆமா, பூச்சிதான். சூடும் இல்ல, ஆத்தாவும் இல்ல" என்றார் கம்பவுண்டர். "தோலுக்குள்ள வளை தோண்டிக் குடியிருக்கும். கந்தகக் களிம்பு பூசுனா செத்துப்போகும். வீட்ல எத்தன தலை?"

"ஆறு."

"ஊறல் யாருக்கெல்லாம்?"

"அஞ்சு பேருக்கு" என்றேன். என் கை துண்டுக்குள் இருந்தது. பூஜைச் சாமான் கடைக்காரன் கையில் சொறி என்று தெரிந்தால் ஒருவர் திருநீறு வாங்குவாரா? எட்டு மாதமாக வீட்டிலும் மறைத்துத்தான் வைத்திருந்தேன்.

அவர் என் துண்டைப் பார்த்தார். "ஊறுதோ ஊறலையோ, ஆறு பேரும் ஒரே நாள்ல பூசணும். ஒருத்தர் தப்புனாப் போதும், அந்த ஒடம்புல ஒக்காந்து பெருகி மறுபடி அம்புட்டுப் பேருக்கும் வந்துரும். கழுத்துல இருந்து கால்வரைக்கும் பூசுங்க. விரலிடுக்கு, அக்குள், தொப்புள், இடுப்புல துணி இறுக்குற எடம், ஒண்ணையும் விடாதீக. மூணு நாள் பூசணும், நடுவுல குளிக்கப்படாது. நாலாம் நாள் குளிச்சிட்டு, உடுத்துனது படுத்தது அம்புட்டையும் கொதிக்கிற தண்ணியில போடுங்க. கொதிக்க வைக்க முடியாதத மூட்டையாக் கட்டி எட்டு நாள் ஒருத்தரும் தொடாம வைங்க."

"பிள்ளைக்கு?" என்றாள் என் வீட்டுக்காரி.

"பிள்ளைக்குக் களிம்ப லேசாக்கித் தனியாத் தாரேன். அதுக்கு மட்டும் தலை, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாத்துலயும் பூசணும். கண்ணுலயும் வாயிலயும் படப்படாது. விரலச் சூப்பாம கைக்குத் துணி கட்டுங்க. இன்னொண்ணு. பூச்சி செத்தப்புறமும் ரெண்டு வாரம் ஊறத்தான் செய்யும். போகலையேன்னு பதறிப் பதறிப் பூசித் தோலப் புண்ணாக்கிராதீக."

பிறகு என் காவியைப் பார்த்து, "ஏன் சாமி மூஞ்சி சுருங்குது? ஆட்டுக் கொழுப்பு கிழுப்பு எதுவும் களிம்புல இல்ல. சுத்தமான தேங்கா எண்ணெயில குழைச்சது" என்றார்.

எண்ணெய் என்ற சொல் என் காதில் இடி போல விழுந்தது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மருந்தை ஒரே பாத்திரத்தில் தரமாட்டார். ஒன்றாகக் கொடுத்தால் வீட்டு ஆண்கள் அள்ளிப் பூசிக்கொண்டு, கடைசியில் பொம்பளைகளுக்குப் பாத்திரத்தை வழிப்பதுதான் மிஞ்சுமாம். "ஆளுக்கு ஒரு சிரட்டை கொண்டாங்க" என்றார். அதனால் மறுநாள் என் வீட்டுக்காரி தேங்காய்ச் சிரட்டைகளைச் சுரண்டிக் கழுவி எடுத்துப் போனாள். ஐந்து பெரிது, ஒன்று சிறிது. மஞ்சள் களிம்பை அளவாக வழித்துக் கொடுத்தனுப்பினார்.

பூசுகிற நாளன்று வீடே பட்டாசு நாற்றம் அடித்தது. தம்பி, "ஊருல தீபாவளி முடிஞ்சுபோச்சு, நம்ம வீட்ல இன்னும் முடியலையேண்ணே" என்றான். ஆத்தா விளையாட்டு என்று சொன்ன மதினிகூடச் சிரித்துக்கொண்டே பூசினார். என் சிரட்டையை நான் பூஜை அறைக்கு எடுத்துப் போனேன். பூசிக்கொள்ளத்தான் போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் கதவைச் சாத்தி, சிரட்டையை விளக்குக்குப் பின்னால் அம்மன் படத்தின் காலடியில் வைத்து, அதன் மேல் குங்குமம் இட்டு, "என் பங்கை நீ ஏத்துக்க தாயே. விரதத்தைக் காப்பாத்து" என்று கும்பிட்டேன். என் தலைவிதி, அதைப் பெரிய பக்தி என்று நம்பினேன்.

நாலாம் நாள் அண்டாவில் வெந்நீர் கொதித்தது. சேலை, வேட்டி, தலையணை உறை, குழந்தையின் தூளித்துணி எல்லாம் வெந்தன. தம்பியும் நானும் வைகை மணலில் விரித்துக் காயப்போட்டோம். என் காவி வேட்டியை மட்டும் விரதத் துணி என்று பச்சைத் தண்ணீரில் தனியாக நனைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் போனது. கம்பவுண்டர் சொன்னபடியே ஊறல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மகளின் விரலில் புண் ஆறித் தோல் தெளிந்தது. பேத்தியின் உள்ளங்கை மறுபடி பூவாக ஆனது. காலையும் மாலையும் பூஜை முடிந்ததும் நான்தான் அவளை வாங்கி மடியில் வைத்து, நெற்றியில் திருநீறு இடுவேன். அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள்.

மார்கழி பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மகள் "அம்மா" என்று ஒரு குரல் கொடுத்தாள். நாங்கள் ஓடினோம். பேத்தியின் மணிக்கட்டில், கழுத்தடியில், உள்ளங்கையில் புதுக் கொப்புளம். மகள் தன் விரலை விரித்துப் பார்த்தாள். அங்கேயும் அந்தச் சாம்பல் கோடு ஆரம்பித்திருந்தது.

"விடுங்கம்மா" என்றாள், அமைதியாக. "நான் அங்க போகவே வேணாம். எனக்கும் எம் பிள்ளைக்கும் இங்கனயே ஒரு மூலை போதும்."

தை பிறக்க இருபது நாள்கூட இல்லை. என் வீட்டுக்காரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். வந்ததும் அடுக்களையில் கவிழ்த்து வைத்திருந்த சிரட்டைகளை எண்ணினாள்.

"என்னக்கா தேடுற?" என்றான் தம்பி. அவன் அண்ணி என்று கூப்பிட மாட்டான். அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"கம்பவுண்டர் கேட்டாரு, எத்தன சிரட்டை காலியாச்சுன்னு. அஞ்சுதான் இருக்கு. ஆறாவது எங்க?"

வீடெல்லாம் தேடினார்கள். விரத காலத்தில் பூஜை அறையை நானே கூட்டி நானே துடைத்ததால் அதற்குள் வேறு யாரும் போவதில்லை. அன்று அவள் போனாள். வெளியே வரும்போது கையில் சிரட்டை. களிம்பு காய்ந்து, மேலே குங்குமம் அப்பிக் கிடந்தது. என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏங்க, சாமிக்கா சொறி?"

தம்பி சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டான். நான், "விரதம். எண்ணெய் படக்கூடாது. எனக்குத்தான் ஊறல் இல்லையே" என்று இழுத்தேன்.

"கையக் காட்டுங்க."

"என்னது?"

"துண்ட எடுத்துட்டுக் கையக் காட்டுங்கன்னேன்."

இருபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. காட்டினேன். விரலிடுக்கெல்லாம் புண். மதினி வாயைப் பொத்திக்கொண்டார். என் மகள் என் கையையும் பிள்ளையின் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வைதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இந்தச் சொறி போகணும்னு விரதம் எடுத்தீக" என்றாள் என் வீட்டுக்காரி. "அந்த விரதத்தச் சொல்லியே சொறியக் குடி வச்சிருக்கீக. ரெண்டு வேளையும் அந்தக் கையாலதான பிள்ளைக்குத் திருநீறு பூசுனீக?"

"ஆத்தாளுக்கு வாக்குக் கொடுத்துட்டேனே" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எந்த ஆத்தாளுக்கு? அங்க கோயில்ல இப்ப என்ன நடக்கு? மார்கழி, எண்ணெய்க்காப்பு. அந்த ஆத்தாளே தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. நீங்க மட்டும் எண்ணெய் படாத சாமியோ? அவளுக்கும் மேலயோ?"

எழுந்து கோயிலுக்கு நடந்தேன். யார் மேலும் கை படாமல் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றேன். மேளச் சத்தம் கேட்டது. முன்னால் நின்றவர்களின் தலைகள்தான் தெரிந்தன. ஒவ்வொரு மார்கழியும் பார்க்கிற எண்ணெய்க்காப்புத்தான். நானே எத்தனையோ வருஷம் அதற்குச் சாமான் கொடுத்திருக்கிறேன். மகள் மாதிரி அம்மனை உட்கார வைத்து எண்ணெய் சாத்தித் தலைவாரிச் சிங்காரிக்கிற உற்சவம். என் வீட்டில் ஒரு மகள் கையை விரித்துப் பார்த்து, வாழ்க்கையே போயிற்று என்று உட்கார்ந்திருக்கிறாள். "தாயே, ஒரு வேளைச் சாப்பாட்டை விடவில்லை, காவியை விடவில்லை. எண்ணெயை மட்டும் விட்டுக்கொடு. இது எனக்காக இல்லை" என்று சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினேன். பாரம் இறங்கின மாதிரி நடை லேசாக இருந்தது.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கம்பவுண்டர் முன்னால் துண்டை எடுத்துக் கையை நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வாங்க சாமி. ஒங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுபடி ஆறு சிரட்டை. இந்தத் தடவை கூடத்தில் எல்லோர் முன்னாலும் நான்தான் முதலில் பூசிக்கொண்டேன். எட்டாத முதுகில் என் வீட்டுக்காரி தேய்த்துவிட்டாள். தேய்க்கிறபோது, "இருங்க, இன்னும் குங்குமம் வைக்கலையே" என்று குத்திக் காட்டவும் தவறவில்லை. கடையை மூன்று நாள் சாத்தினோம். கேட்டவர்களுக்கு ஏதாவது பொய் சொல்லலாம் என்று நான் வார்த்தை தேடுவதற்குள், தம்பி தெருவுக்கே கேட்கும்படி, "எங்க வீட்ல அம்புட்டுப் பேருக்கும் சொறி. மருந்து பூசிருக்கோம். நாலாம் நாள் கடை திறக்கும்" என்று சொல்லிவிட்டான்.

நான் கூசிப்போனேன். இனி யார் கடைக்கு வருவார்கள்? ஆனால் அன்று மத்தியானமே பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். "அண்ணே, எங்க வீட்லயும் ஒரு மாசமா... சூடுதான்" என்று கையைத் தேய்த்தார். அவருக்குப் பின்னால் எதிர்ச்சாரியில் பூக்கட்டுகிற அம்மாள். சாயந்தரத்துக்குள் நாலு வீடு. எங்கள் தெருவில் சூடு இல்லாத வீடே இல்லை போலிருந்தது! ஒரே நாளில் நாலு வீட்டிலும் பூசினார்கள். நாலாம் நாள் தெருவில் எங்கே பார்த்தாலும் அண்டா புகைந்தது. கம்பவுண்டர், "தேங்கா விலை ஏறிரும் போலருக்கே, இம்புட்டுச் சிரட்டையா!" என்றாராம்.

இந்தத் தடவை என் காவி வேட்டியும் அண்டாவில் வெந்தது. சாயம் போய் ரோஜா நிறமாக வந்தது. அதையே மிச்ச விரதத்துக்குக் கட்டினேன்.

ஊறல் உடனே நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்து மகளுக்கு மறுபடி பயம் வந்தது. இன்னொரு முறை பூசலாமா என்றாள். கம்பவுண்டரிடம் காட்டினோம். பழைய கோடுகளை ஊசியால் தேடிப் பார்த்தார். "ஒண்ணும் நகரல. வீடு காலி. இது செத்த பூச்சியோட சொறி, தானாப் போகும். தேங்கா எண்ணெய் மட்டும் தடவுங்க" என்றார். போயிற்று. பொங்கலன்று பேத்தியின் உள்ளங்கையைச் சூரியனுக்கு நேரே காட்டிப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை.

தை ஐந்தாம் தேதி வாக்கில் சம்பந்தியம்மா வண்டி வந்து நின்றது. என் மகள் தலைநிமிர்ந்து வாசலுக்கு வந்து, "வாங்க அத்தை" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவர் ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் பிள்ளையை வாங்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தார். என் வீட்டுக்காரி என் பக்கம் சாய்ந்து, "முந்தானையப் பாருங்க" என்று முணுமுணுத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. துண்டும் முந்தானையும் ஒன்றுதான். தீபாவளிக்கு வந்து பிள்ளையை நாலு நாள் மடியில் வைத்திருந்த மாப்பிள்ளை, பலகாரத்தோடு பூச்சியையும் கொண்டு போயிருக்கிறார். என் வீட்டுக்காரி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். அந்த அம்மாள் எங்கள் வாசலில் தலைகுனியக் கூடாது என்று பட்டது.

"தங்கச்சி, இந்தக் கையைப் பாருங்க" என்று என் கையை விரித்தேன். ஆறிய தழும்பு இன்னும் இருந்தது. "இந்த வீட்டுக்குச் சொறியக் கொண்டாந்தவன் நான். போகவிடாமப் பிடிச்சு வச்சவனும் நான். ஒங்க பேத்திக்கு ரெண்டு தடவ வந்தது இந்தக் கையாலதான்." மடத்து ஜமுக்காளம் முதல் குங்குமம் வைத்த சிரட்டை வரை சொன்னேன்.

சம்பந்தியம்மா முந்தானையைப் பிரித்தார். "எனக்கும் பத்து நாளா இருக்குண்ணே. எம் மகனுக்கும் இருக்கு. நான்... சூடுன்னு நெனச்சேன்."

என் மகள், "எங்க வீட்லயுந்தான் அடுப்பு எரியுது அத்தை" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். அப்படி ஒரு சிரிப்பு. "அடி கழுத, சமயம் பாத்துக் குடுத்துட்டியே!" என்று அவர் சிரிக்க, மதினி சிரிக்க, வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிறகு என் வீட்டுக்காரி கறாராகச் சொன்னாள்: "இப்பக் கூட்டிட்டுப் போகவேணாம் சம்பந்தியம்மா. ஒங்க வீட்ல அம்புட்டுப் பேரும் ஒரே நாள்ல பூசி, துணிய வேக வச்சு, ஆறுனப்புறம் பிள்ளையத் தாரோம்." இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் சொன்ன நிபந்தனையை இப்போது நாங்கள் சொன்னோம். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அவர்கள் வீட்டில் ஒன்பது தலை. தம்பி ஒரு நாள் லீவு போட்டு, கம்பவுண்டரிடம் களிம்பு வாங்கிய ஒன்பது சிரட்டையோடு அதே வண்டியில் ஏறினான். "ஒரு சிரட்டையும் சாமி படத்துக்குப் பின்னால போகாம நான் பாத்துக்கிறேண்ணே" என்று எனக்குக் கையாட்டினான்.

தைப்பூசத்தன்று மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து நின்று வழியனுப்பினார்கள். சம்பந்தியம்மா பேத்தியை வாங்கி முதலில் முத்தமிட்டது உள்ளங்கையில். பிள்ளை அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. வண்டி நகர்ந்தபோது என் மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வேண்டிக்கொண்டபடி வெள்ளிக் கையைக் காணிக்கை போட்டேன். அதற்கு மேல், அடுத்த மார்கழியிலிருந்து எண்ணெய்க்காப்புக்கு என்னால் முடிந்த எண்ணெய் வாங்கிக் கொடுத்து வருகிறேன். அந்தப் பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். விடுமுறைக்கு வந்தால் என் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கையில் திருநீற்றுப் பொட்டலத்தைக் கொடுக்கிறாள். சொறி எங்கள் இரண்டு வீட்டுக்கும் திரும்பவில்லை. வெளியூர்ப் பயணம் போய் வந்தால் உடுத்திய துணி முதலில் அண்டாவுக்குத்தான் போகும். யாருக்காவது விரலிடுக்கு ஊறினால் மறைப்பதில்லை, மறைக்கப் பார்த்தால், "சிரட்டை எங்க?" என்று பேத்தியே கேட்பாள்.

படிக்கிற உங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஊறல் என்று யாராவது கையை மறைத்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கந்தகத்தைச் சொல்லிவிட்டுக் கொதிக்கிற தண்ணீரை மறந்துவிடாதீர்கள். அம்மன் காப்பாற்றினாள் என்று சொல்லுங்கள், அது சத்தியம். ஆனால் அவள் எண்ணெய் வழியாகத்தான் காப்பாற்றினாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் வெட்கப்படுவேனே என்று பாவம் பார்த்து, விளக்குக்குப் பின்னால் இருந்த அந்த ஆறாவது சிரட்டையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.